ஏசியில் வாயு தீர்ந்துபோவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் ஏசி பழுது பார்க்க வருபவர்கள் வீட்டுக்கு வீடு சொல்லும் ‘கேஸ் இறங்கிப்போச்சு’ என்ற ஒற்றை வாக்கியத்தைப் பற்றியே இக்கடிதம். சமையல் எரிவாயுவைப் போல ஏசியின் வாயுவும் ஓடஓடச் செலவாகும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூடிய செப்புக் குழாய்க்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறிமாறிச் சுற்றிவரும் அந்த வாயு, எங்காவது கசிந்தாலன்றிக் குறைவதில்லை. ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தை முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்திய நானே மூன்று கோடைகள் பணத்தை இழந்த பிறகுதான் இதை யோசித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கடலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் ஒன்றரை டன் ஏசிக்கு ஆண்டுதோறும் 2,500 ரூபாய் கொடுத்து வாயு நிரப்பினோம். வந்தவர்கள் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, இறங்கிய முள்ளைக் காட்டி, சிலிண்டரைத் திறந்து, கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். நான்காம் ஆண்டு வந்த இளைஞரோ ஒரு கிண்ணத்தில் பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்துத் தரச் சொல்லி, மொட்டை மாடியில் இருந்த வெளி யூனிட்டின் இணைப்புகளில் ஒவ்வொன்றாகத் தடவினார். தடித்த குழாய் வால்வோடு சேரும் நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, உடைந்து, மறுபடி எழுந்தது. மிச்ச வாயுவை வெளியே எடுத்துவிட்டு, கீறல் விழுந்திருந்த குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து முடுக்கி, நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, வேக்குவம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பின்னரே, வாயுவை எடைபோட்டு நிரப்பினார். அதன்பின் மூன்று கோடைகள் கடந்தும் யாரும் கேஜைக் கொண்டுவரத் தேவைப்படவில்லை.

எடைபோட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிரப்ப வேண்டிய வாயுவின் வகையும் அளவும் வெளி யூனிட்டின் தகட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். முள்ளை மட்டும் நம்புவதற்கில்லை. உள் யூனிட்டின் வலை தூசியால் அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் முள் இறங்கும், குழாயில் பனியும் படியும். வலையைக் கழுவிப் பார்க்காமல் வாயு குறைவு என்று சொல்லும் தீர்ப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை. வலையைக் கழற்றிக் குழாயடியில் கழுவ எவரையும் அழைக்கவும் வேண்டியதில்லை.

பழுது பார்ப்பவர்களை மட்டுமே குறை சொல்வது நியாயமாகாது. மே மாதத்தில் ஒரே நாளில் எட்டு வீடு, பத்து வீடு ஏறி இறங்குகிறவருக்குக் கசிவைத் தேட நேரம் ஏது? அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் பேரம் பேசும் நாமே, வாயுவுக்கு என்றால் கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம்.

சேவைக்கு ரசீது தராமல் இருப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஏசி பழுதுபார்ப்பில் ரசீதே அரிது. கிடைத்தாலும் ‘கேஸ் சார்ஜிங்’ என்ற இரண்டு சொற்களே அதில் இருக்கும். எந்த வாயு, எத்தனை கிராம், கசிவு எங்கே இருந்தது ஆகியவற்றை ரசீதில் எழுதுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

உப்புக்காற்றில் சுருள் குழாய் (காயில்) பல இடங்களில் அரித்துப்போன, ஆர்-22 என்ற வாயுவில் ஓடும் பழைய இயந்திரத்துக்குத் திரும்பத் திரும்பச் செலவழிப்பதைவிடப் புதியது வாங்குவதே மேல். ஆனால் கழற்ற வருபவர்களில் பலர் குழாயை அப்படியே வெட்டி, உள்ளிருக்கும் வாயுவைக் காற்றில் விட்டுவிட்டு, இயந்திரத்தைக் காயலான் கடைக்கு அனுப்புகிறார்கள். அந்த வாயு ஓசோன் படலத்தை அரிப்பதோடு, ஒரே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல் நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,800 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. பழையதை எடுத்துக்கொண்டு புதியதை விற்கும் கடைகள், வாயுவைச் சிலிண்டரில் மீட்டெடுத்த பின்னரே குழாயை வெட்ட வேண்டும் என்றும், மீட்ட அளவையும் ரசீதில் குறிக்க வேண்டும் என்றும் சேர்த்தே விதி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருவான்மியூர், சென்னை.