நான்காம் பகுதியிலேயே சொல்லிவிட்டார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் சூப்பர் ஹீரோ தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை சிவப்புப் பேனாவோடு. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்த கை சும்மா இருக்காது. மார்வெல் நிறுவனத்தின் ‘வாண்டாவிஷன்’ தொடர் ரசிகர்களை வாரக்கணக்கில் ஊகிக்கவிட்டுக் கடைசியில் கைவிரித்துவிட்டது என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருக்கிறார். அந்தத் தொடரை வெள்ளிக்கிழமைதோறும் பகல் ஒன்றரை மணிக்கு, வெளியான சூட்டோடு பார்த்தவள் நான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆச்சிக்கு எதற்கு அமெரிக்க சூப்பர் ஹீரோ என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சிரிக்கக்கூடும். காரணம் சாதாரணமானது. 2021 ஜனவரியில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மட்டும்தான் பள்ளி திறந்தார்கள். என் மகள் வயிற்றுப் பேரன் அப்போது எட்டாம் வகுப்பு; பாளையங்கோட்டையில் என் வீட்டில் இருந்தான். மதியச் சாப்பாட்டுக்கும் அடுத்த ஆன்லைன் வகுப்புக்கும் நடுவே கொஞ்சம் நேரம் கிடைக்கும். வசனம் கீழே எழுத்தாக ஓடினால்தான் எனக்குப் புரியும். முன்கதை முழுவதும் அவனுக்கு மனப்பாடம். இருவருமாகச் சேர்ந்தால் ஒரு முழுப் பார்வையாளர்.

கதை தெரியாத வாசகர்களுக்காக நாலு வரி. வாண்டா மந்திர சக்தி உள்ள பெண். அவள் காதலித்த விஷன் மனிதப் பிறவி இல்லை, செய்து உருவாக்கப்பட்டவன். முந்தைய திரைப்படத்தில் அவள் கண்ணெதிரே செத்துப்போனான். தொடர் தொடங்கும்போதோ இருவரும் நியூ ஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட்வியூ என்ற சிற்றூரில் புதுமணத் தம்பதி. படம் கறுப்பு வெள்ளை. 1950களின் தொலைக்காட்சிச் சிரிப்பு நாடகம் போல வசனத்துக்கு வசனம் கூட்டம் சிரிக்கிறது. (முதல் பகுதியை நிஜமாகவே பார்வையாளர்களை உட்காரவைத்துத்தான் படமெடுத்தார்கள்.) பகுதி ஒன்று போனால் பத்து வருடம் நகர்ந்துவிடும். செத்தவன் எப்படி வந்தான், இது என்ன ஊர், பின்னாலிருந்து ஆட்டுவிப்பது யார்? உலகம் முழுவதும் இதே பேச்சாக இருந்தது.

பேரன் இதற்கென்று நாற்பது பக்க ரஃப் நோட்டு ஒன்றை ஒதுக்கினான். இந்தக் கடிதம் எழுதும்போது அது என் மேசையில்தான் கிடக்கிறது. முதல் பக்கத்தில் ‘மெபிஸ்டோ’ என்று எழுதி மூன்று முறை அடிக்கோடு. மெபிஸ்டோ என்றால் சாத்தான். காரணம் இல்லாமல் அவன் எழுதவில்லை. 1980களில் வந்த படக்கதைகளில் வாண்டாவின் இரட்டைக் குழந்தைகள் மெபிஸ்டோவின் ஆன்மாவிலிருந்து பிய்ந்த துண்டுகளாகத்தான் இருந்தார்கள். தொடரின் இரண்டாம் பகுதியில் வேறு ஒரு சாடை. நுணுக்கத்தில்தான் சாத்தான் இருக்கிறான் என்பது ஆங்கிலத்தில் ஒரு வழக்கு. டாட்டி என்ற மிடுக்கான சீமாட்டி அதைச் சொன்னதும், பக்கத்து வீட்டு ஆக்னஸ் ‘அங்கே மட்டுமா இருக்கிறான்’ என்பதுபோல முணுமுணுக்கிறாள். அவ்வளவு போதாதா? ஆக்னஸின் முயலுக்கு ஸ்க்ராட்ச்சி என்று பெயர், ஸ்க்ராட்ச் என்பது சாத்தானுக்குப் பழைய பட்டப்பெயர், ஆகவே முயலும் சந்தேகப் பட்டியலில் ஏறியது. நோட்டில் முயலின் படம்கூட இருக்கிறது. காது மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

ஊகங்கள் எல்லாமே வீண் என்று கட்டுரையாளர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அகதா ஹார்க்னஸ் என்று படக்கதைகளில் ஒரு கிழட்டு மந்திரவாதி உண்டு, 1970இலேயே வந்துவிட்டவள். அவளுடைய முதல் பெயரின் தலையையும் இரண்டாம் பெயரின் வாலையும் ஒட்டினால் ஆக்னஸ். மூன்றாம் வாரம் இதைக் கண்டுபிடித்துவிட்டு நான் ஒரு நாள் முழுக்கக் கர்வமாகத் திரிந்தேன். உலகமே அதை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது என்று பேரன் மறுநாள் சொன்னான். முதல் பகுதியிலேயே அவள் தன் கல்யாண நாள் ஜூன் 2 என்று போகிற போக்கில் சொல்லுவாள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் உள்ள சேலம் நகரில் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விசாரித்த தனி நீதிமன்றம் முதலில் கூடியது 1692 ஜூன் 2 அன்று. இதைக் கவனித்துச் சொன்ன யாரோ ஒருவருக்கு நான் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பேன். ஏழாம் பகுதியில் ஆக்னஸ் அகதாதான் என்று ஆயிற்று.

ஆனால் ஊரை ஆட்டுவித்தது அகதா இல்லை. அதைத்தான் நான்காம் பகுதியிலேயே சொல்லிவிட்டார்கள். ஜனவரி 29 அன்று வந்த பகுதியில், ஊருக்குள்ளிருந்து தூக்கியெறியப்பட்ட மோனிகா, அங்கே விசாரிக்கப்போன அரசு அதிகாரி, தரையில் கிடந்தபடி சொல்கிறாள்: வாண்டாதான், எல்லாமே வாண்டாதான். ஒளிவு மறைவு இல்லை. பேரன் நோட்டில் அதை எழுதிக்கொண்டான். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘ஏமாற்றுவேலை’ என்றும் எழுதினான். உலகமும் அப்படித்தான் எழுதிக்கொண்டது. அதன் பிறகு ஐந்து வாரம் சாத்தானைத் தேடினார்கள்.

எனக்கு மட்டும் அதில் ஏன் சந்தேகம் வரவில்லை என்று சொல்ல, வீட்டு விஷயம் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்டில் என் கணவர் தவறிப்போனார். உங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்தை வருடக்கணக்காக அவர்தான் நிரப்புவார். றகரம் வர வேண்டிய இடத்தில் ரகரம், ணகரத்துக்கு னகரம். கட்டம் சரியாகத்தான் இருக்கும், சொல் சந்தி சிரிக்கும். சாயங்காலம் நான் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் அச்சகக் குறி போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அவர் போன பிறகு ஒரு ஞாயிறு நான் கறுப்புப் பேனாவை எடுத்து, அவர் கையெழுத்தில், அவர் செய்திருக்கக்கூடிய தப்புகளோடு கட்டங்களை நிரப்பினேன். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினேன். அடுத்த ஞாயிறும். அதற்கடுத்த ஞாயிறும். வீட்டில் யாருக்கும் தெரியாது. மோனிகா அந்த வசனத்தைச் சொன்னபோது பேரன் குதித்தான். நான் குதிக்கவில்லை.

இதனால் முதல் பகுதியில் ஒரு சின்னச் சாமானை மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. சமையலறை நாட்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றி இதயம் வரைந்திருக்கும். அது என்ன நாள் என்று புருஷனுக்கும் தெரியவில்லை, பெண்டாட்டிக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி இருவரும் நடிக்கிறார்கள். பேரன் அந்தத் தேதியைக் கூட்டிக் கழித்துப் பெருக்கி நோட்டில் முக்கால் பக்கம் கணக்குப் போட்டிருக்கிறான். எட்டாம் பகுதியில் வாண்டா தன் காரில் உட்கார்ந்து ஒரு பத்திரத்தைப் பிரிக்கிறாள். வெஸ்ட்வியூவில் விஷன் வாங்கிப்போட்ட மனையின் பத்திரம். மனையின் வரைபடத்தைச் சுற்றிச் சிவப்பில் அதே போல ஓர் இதயம், உள்ளே ‘இங்கே முதுமை அடைய’ என்ற பொருளில் ஒரு வரி, கையெழுத்துக்கு ஒற்றை எழுத்து. அவள் போய் நிற்கிற இடத்தில் வீடு இல்லை. அஸ்திவாரம் மட்டும் கிடக்கிறது. அங்கே விழுந்து அழுகிறாள், அந்த அழுகையிலிருந்து சுவரும் கூரையும் முளைத்து ஊரே கறுப்பு வெள்ளையாகிறது. நாட்காட்டி இதயமும் பத்திர இதயமும் ஒன்றுதான் என்பது என் ஊகம். எழுதிய ஜாக் ஷேஃபர் அம்மாள் அப்படி நினைத்தாரா என்று யாரும் கேட்டுச் சொல்ல வேண்டாம்.

மற்ற ஊகங்கள் எப்படித் தவறின என்பதும் வேடிக்கைதான். தனக்குத் தெரிந்த விண்வெளிப் பொறியாளர் ஒருவர் வருவார் என்று மோனிகா சொன்னாள். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்ற அருமை நால்வர் குழுவின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ்தான் அவர் என்று அடித்துச் சொன்னார்கள். வண்டியோடு வந்து இறங்கியது ஒரு ராணுவ மேஜர் அம்மாள், பெயர் குட்னர், யாருக்கும் தெரியாதவர். (தொடரை இயக்கிய மாட் ஷாக்மன் 2025இல் ரீட் ரிச்சர்ட்ஸையே கதாநாயகனாக வைத்து முழுப் படம் எடுத்தார். அதுவரை பொறுத்திருக்கலாம்.) விஷனாக நடித்த பால் பெட்டனியோ, வெகுநாளாக ஆசைப்பட்ட ஒரு நடிகரோடு இதில் சேர்ந்து நடித்திருக்கிறேன் என்று பேட்டியில் கொளுத்திப்போட்டார். ஆளாளுக்கு ஒரு பெரிய பெயரைச் சொன்னார்கள். கடைசியில் இன்னொரு விஷனாக, வெள்ளை உடம்போடு, அவரேதான் அவரோடு மோதினார்.

ஒரு ஊகம் மட்டும் பாவம். நடுநடுவே வரும் பொய் விளம்பரங்கள் வாண்டாவின் பழைய துக்கங்களைச் சொல்கின்றன என்று கணித்தவர்கள் சரியாகவே கணித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ரொட்டி சுடும் கருவியின் விளக்கு மட்டும் சிவப்பாக மின்னி மின்னி ‘பீப்’ போடும். சிறுவயதில் அவள் வீட்டில் விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டு அது. அந்த விளம்பரங்களை வெளியிலிருந்து யாரோ அனுப்புகிறார்கள், மார்வெலின் இன்னொரு மந்திரவாதியான டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்தான் கடைசியில் வருவார் என்று கணித்தவர்களும் இருந்தார்கள். அவர் வரவில்லை, அவர்களும் அசடு வழிந்தார்கள். அந்த வருடமே மார்வெல் நிறுவனத் தலைவர் கெவின் ஃபைகி ஒரு பேட்டியில், முதலில் அப்படித்தான் திட்டமிட்டிருந்தோம், வாண்டாவின் கதையை ஓர் ஆண் வந்து முடித்துவைப்பது போலாகிவிடும் என்று எடுத்துவிட்டோம் என்றார். கையெழுத்துப் பிரதியில் இருந்த பத்தி, பக்கம் கட்டும்போது போய்விட்டது. வாசகன் எப்படியோ அதன் நிழலைப் பார்த்துவிட்டான். அச்சகத்தில் இதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

கட்டுரையாளரோடு ஓர் இடத்தில் மட்டும் சேர்ந்துகொள்கிறேன். ஐந்தாம் பகுதியில் வாண்டாவின் செத்துப்போன இரட்டைச் சகோதரன் பியட்ரோ கதவைத் தட்டுகிறான். முன்பு அந்த வேடம் கட்டியவர் இல்லை. வேறொரு நிறுவனத்தின் எக்ஸ்-மென் படங்களில் அதே பாத்திரமாக வந்த எவன் பீட்டர்ஸ். அந்த நிறுவனத்தை டிஸ்னி 2019இல் வாங்கியிருந்தது. அவரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் ரசிகன் இரண்டு உலகமும் இணைந்துவிட்டது என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பான்? கடைசியில் அவன் ரால்ஃப் போனர் என்ற ஒரு சாதாரண ஊர்க்காரன் என்று சொல்லி, அந்தப் பெயரில் ஒரு ஆபாசச் சிலேடையையும் செருகிச் சிரித்தார்கள். வேண்டுமென்றே விட்ட பிழை அது. அன்று பேரன் நோட்டை மூடித் தூக்கியெறிந்தான். நான்தான் எடுத்துவைத்தேன்.

ஆனாலும் இறுதிப் பகுதி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது போனர் இல்லை. டாட்டி. எட்டு வாரமாகச் சாத்தானின் கையாள் என்று பலரும் சந்தேகித்தார்களே, அந்தச் சீமாட்டி. பேரனின் நோட்டில் அவளுக்குக் கொம்பு வரைந்திருக்கிறது. மயக்கம் கலைந்து அவள் வாண்டாவிடம் வருகிறாள். தன் பெயர் சாரா என்கிறாள். எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். உன் பிள்ளைகளுக்குத் தோழியாக அவளுக்கு ஒரு வேடம் கொடுத்தாலும் சரி, அவர்களை வம்புக்கிழுக்கும் பொல்லாத பெண் வேடம் என்றாலும் சரி, அறையை விட்டு வெளியே விட்டால் போதும், ஒரு முறை அவளைத் தூக்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சுகிறாள். ஒரு தாயின் துக்கத்துக்காக இன்னொரு தாய் இத்தனை நாளும் சிரிப்பு நாடகத்தில் நடித்திருக்கிறாள். நான் பேரனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் எதுவும் எழுதவில்லை. அந்த மார்ச் மாதத்தில் நானும் ஒரு ஞாயிறு குறுக்கெழுத்தை என் கையெழுத்தில், சரியான றகரத்தோடு போட்டேன்.

பேரன் இப்போது கல்லூரியில் சேரும் வயதுக்கு வந்துவிட்டான். 2025 ஜூலையில் ஒரு நாள் போன் செய்து, “ஆச்சி, வந்துவிட்டார்!” என்று கத்தினான். யார் என்றேன். மெபிஸ்டோ. ‘அயர்ன்ஹார்ட்’ என்ற வேறொரு தொடரின் கடைசிப் பகுதியில், நடிகர் சாஷா பாரன் கோஹனின் முகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறாராம். நாலு வருடம் தாமதம், வீடும் மாறிவிட்டது. ரஃப் நோட்டின் முதல் பக்கத்தை எடுத்து, மூன்று அடிக்கோட்டின் பக்கத்தில் ‘அப்படியே இருக்கட்டும்’ என்பதற்கான புள்ளிக் குறியைச் சிவப்பு மையால் போட்டேன்.

கட்டுரையில் இரண்டு திருத்தங்கள். வாண்டாவிஷனுக்கு எட்டுப் பகுதி என்று அச்சாகியிருக்கிறது, ஒன்பது. கடைசிப் பத்தியில் ‘மறைந்த சூத்திரதாரி’ என்பது ‘மறைந்திருந்த சூத்திரதாரி’ என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் செத்துப்போனதாகிவிடும். அதே இதழின் குறுக்கெழுத்தில் மேலிருந்து கீழ் 14இல் நீங்கள் கேட்கும் சொல்லுக்குப் பெரிய ‘ற’ வேண்டும், குறுக்கே வரும் சொல்லுக்குச் சின்ன ‘ர’ வேண்டும். இரண்டும் ஒரே கட்டம். என் கணவராக இருந்தால் யோசிக்காமல் ‘ர’ போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். நான் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர்,
பாளையங்கோட்டை