ஸ்கேன் ஏன் லேட்டாகுது, டெக்சாஸ்ல இருந்து அக்காவுக்கு

அக்கா, அமெரிக்காவுல இருந்துகிட்டு ஒரு ஸ்கேன் எடுக்க இவ்ளோ நாளான்னு கேட்டியே, போன்ல சொன்னா பாதியில அம்மா புடுங்கிடுவாங்க, அதான் எழுதுறேன். இவரோட கம்பெனி குடுத்திருக்கறது ஹெச்எம்ஓன்னு ஒரு வகை இன்சூரன்ஸ் பிளான். நமக்குன்னு ஒரு டாக்டர் இருப்பாரு, அவரு எழுதிக் குடுத்தாத்தான் ஸ்பெஷலிஸ்ட், ஸ்கேன்னா இன்சூரன்ஸ்காரனும் முன்னாடியே ஓகே சொல்லணும். சொந்தக் காசுல எடுக்கலாம்தான், ரேட்டக் கேட்டா வலியே மறந்துடும்.

இவருக்கு முதுகுவலி, கால் வேற மரத்துப் போகுதுன்னு டாக்டர் எம்ஆர்ஐ எழுதினாரு. மொதல்ல ஆறு வாரம் பிசியோதெரபி பாருங்கன்னு இன்சூரன்ஸ்ல இருந்து லெட்டர் வந்துச்சு. அதுகூடப் பரவால்ல, அடியில பொடி எழுத்துல, இது பணம் குடுக்கறது பத்தின முடிவு மட்டும்தான், சிகிச்சைய உங்க டாக்டர்கிட்ட பேசிக்கோங்கன்னு போட்டிருக்கான். அப்போ உள்ள பெருசா ஏதாவது இருந்து லேட்டா தெரிஞ்சா யாரு பொறுப்பு?

எதிர்வீட்டு வக்கீலம்மாகிட்ட கேட்டேன். இல்லினாய்ஸ்ல இதே மாதிரி ஹெச்எம்ஓல இருந்த ஒருத்தருக்கு வயித்துவலி, டாக்டர் கையில கட்டி தட்டுப்பட்டும் பக்கத்து ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்காம, 50 மைலுக்கு அப்பால தங்களோட சென்டர்லதான் எடுக்கணும்னு எட்டு நாள் காக்க வெச்சிருக்காங்க, அதுக்குள்ள அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருச்சு. செலவ மிச்சம் பண்ணினா வருஷக் கடைசில அந்த டாக்டர்களுக்கே பங்கு வேற! கவனக்குறைவுக்கு 35,000 டாலர் கிடைச்சுது, ஆனா அந்தப் பங்கு ஏற்பாட்ட எதிர்த்துப் போட்ட கேஸ் 2000ல சுப்ரீம் கோர்ட்ல நிக்கல. டெக்சாஸ்ல 1997லயே ஹெச்எம்ஓ மேல கேஸ் போடலாம்னு சட்டம் கொண்டுவந்தாங்களாம், கம்பெனி வழியா வர்ற இன்சூரன்ஸுக்கு எரிசாங்கற 1974ஆம் வருஷ மத்திய அரசு சட்டம்தான் செல்லும்னு 2004ல சுப்ரீம் கோர்ட் அதையும் முடக்கிடுச்சு. அதனால எங்கள மாதிரி ஆளுங்க ஜெயிச்சாலும் பெரும்பாலும் மறுத்த ஸ்கேனோட காசுதான் வரும், கால் போனதுக்கு ஒண்ணும் வராது. எனக்கு இது சுத்தமா நியாயமாப் படல, முடிவு பண்றவன் ஒருத்தன் மாட்டறவன் இன்னொருத்தன்.

இன்சூரன்ஸ் வேணாம்னதும் டாக்டர் வாயை மூடிட்டு இருந்தா அவரும் தப்பிக்க முடியாதுன்னு கலிபோர்னியா கோர்ட் 1986லயே சொல்லிருக்காம். அத வெச்சுத்தான் டாக்டர்கிட்ட போயி உக்காந்தேன், மரத்துப் போறத ஃபைல்ல தெளிவா எழுதுங்க, இன்சூரன்ஸ் கம்பெனியோட டாக்டர்கூட நேரா பேசுங்கன்னு. வியாழக்கிழமை பேசறாராம். அதுவும் நடக்கலன்னா அப்பீல், அதுக்கு 180 நாள் டைம் இருக்கு.

போன தடவ மதுரைல இவருக்கு எடுத்த எக்ஸ்ரே பீரோ மேல இருக்கும், ரிப்போர்ட்டோட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு, அம்மாகிட்ட கால் மரத்துப் போற விஷயத்த சொல்லாத.