அடுத்த வீட்டுக் காயும் நம் அடுப்பும்

அன்பு மகளுக்கு,

படம் வந்தது. பக்கத்து வீட்டு மக்சிக் (அதுதான், அந்த மலாய்க்கார அம்மா) பை நிறையக் கொடுத்த காய், நாலு ஓரமும் சுருள் சுருளாக இருக்கிறதே, அது சிறகவரை. மலாயில் காச்சாங் போத்தோல். இங்கே சிங்கப்பூரில் கெயிலாங் சிராய் சந்தைக்கு எப்போது போனாலும் கண்ணில் படும். நம் ஆட்கள்தான் முருங்கைக்காயையும் கத்தரிக்காயையும் எடுத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். 1975இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் இதன் புரதச் சத்தைப் பார்த்துத் தனி அறிக்கையே வெளியிட்டது. இலை, பூ, காய், வேர்க்கிழங்கு என்று அந்தச் செடியில் வீணாக எதுவும் இல்லை.

முதலில் பிஞ்சா முற்றலா என்று பார். வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ஓரம் கறுத்து, ஒடியாமல் நாராக இழுத்தால் ஒதுக்கிவிடு. அந்த மடிப்புகளுக்குள் மண் ஒளிந்திருக்கும், குழாயைத் திறந்துவிட்டு விரலால் தேய்த்துக் கழுவு. காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டுக் குறுக்கே மெல்லிசாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் நாலு முனை நட்சத்திரமாக விழும். வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு போடு, மூன்று நிமிடம் போதும். மூடி வைக்காதே. மூடினால் பச்சை மங்கி மொறுமொறுப்பும் போய்விடும். இந்தக் காயை வாங்குவதே அந்த மொறுமொறுப்புக்காகத்தான்.

ஆனால் முதல் தடவையே தேங்காய்ப்பூ தூவிப் பொரியல் செய்ய வேண்டாம். நீங்கள் எப்படிச் சமைப்பீர்கள் என்று மக்சிக்கிடமே கேள். சம்பல் பெலாச்சானில், அதாவது மிளகாயும் இறால் விழுதும் சேர்த்து அரைத்த துவையலில், வதக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன். அவர் சொன்னபடியே செய்து சாப்பிடு, அடுத்த முறை கடுகு, காய்ந்த மிளகாய் என்று நம் கைக்கு மாற்றிக்கொள். (அவர் ஏதாவது பாத்திரத்தில் கொடுத்தனுப்பினால் வெறும் பாத்திரமாகத் திருப்பித் தராதே. பழமாக வைத்துக் கொடு, அவருக்கும் சங்கடம் இருக்காது.)

புதுக் காய் எதுவானாலும் நான் இப்படித்தான் செய்கிறேன். எடுத்த எடுப்பில் சாம்பாரில் போட்டால் சாம்பார் ருசிதான் தெரியும், காயின் குணம் தெரியாது. இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. வழிவழியாகச் சமைக்கிறவர்களின் பக்குவத்திலேயே பல சமயம் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது.

மாப்பிள்ளை கேட்டாராமே, புவா கெலுவாக் என்கிற கறுப்புக் கொட்டை போட்ட கோழிக்கறி வீட்டில் செய்யலாமா என்று. தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்தக் கொட்டை மரத்திலிருந்து விழும்போது அதில் சயனைடு இருக்கிறது. அதனால்தான் வேகவைத்து, சாம்பலும் வாழையிலையும் மண்ணும் போட்டு மூடி, 40 நாள் போல் புதைத்து வைக்கிறார்கள். வெளிறிய பருப்பு அதற்குள் கன்னங்கரேலென்று ஆகிவிடும். கடையில் விற்பது அப்படிப் பக்குவப்படுத்தியதுதான். தோட்டத்தில் பறித்தது என்று யாராவது பச்சையாகக் கொடுத்தால் வாங்காதே.

கடைக் கொட்டைக்கும் பொறுமை வேண்டும். சில நாள் தண்ணீரில் ஊற வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, பிரஷ் போட்டு ஓட்டைத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் உதடு மாதிரி வழுவழுப்பான இடம் இருக்கும், அங்கே தட்டி வாய் திறக்க வேண்டும். ஒவ்வொன்றாக முகர்ந்து பார். கெட்டுப்போனது ஒன்று சேர்ந்தால் சட்டி முழுவதும் பாழ். கறுப்புச் சதையைத் தோண்டி எடுத்து, கொத்திய இறைச்சியோடோ இறாலோடோ பிசைந்து மறுபடி ஓட்டுக்குள் அடைத்து, புளியும் அரைத்த மசாலாவும் சேர்ந்த குழம்பில் கோழியோடு கொதிக்க விடுகிறார்கள் பெரானாக்கான் வீடுகளில், அதாவது மலாய்ப் பழக்கவழக்கம் கலந்த பழைய சீனக் குடும்பங்களில். வத்தக்குழம்பில் ஊறிய நாக்கு நமக்கு. அந்தக் கசப்பும் புளிப்பும் அந்நியமாகவே தெரியாது.

மரவள்ளிக் கீரையும் அப்படித்தான். நன்றாகக் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிப் பிழிந்த பிறகே தேங்காய்ப்பாலில் போட வேண்டும். உன் பாட்டி ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக்கிழங்கைத் தின்றே வளர்ந்தவர். பிற்பாடு அந்தக் கிழங்கைத் தட்டில் பார்த்தாலே எழுந்து போய்விடுவார். கீரையை மட்டும் ஆசையாகச் சாப்பிடுவார். பாட்டிக்காகத்தான் நான் அதைச் சமைக்கக் கற்றுக்கொண்டேன்.

பங்குவாங் என்கிற வெள்ளைக் கிழங்கு பற்றிப் பயமே வேண்டாம். தோலை நாரோடு உரித்துவிட்டுப் பச்சையாகவே உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடலாம், பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாலும் நன்றாக இருக்கும். கிழங்கு மட்டும்தான் நமக்கு, விதை விஷம். பெத்தாய் (நாற்றமடிக்கும் அந்தப் பச்சை அவரை விதை) வாங்கினால் ஒவ்வொரு விதையையும் இரண்டாகப் பிளந்து புழு இருக்கிறதா என்று பார். நெத்திலித் தொக்கில் கடைசியாகப் போட்டு ஒரு கிளறு கிளறி இறக்கு, பிரமாதமாக இருக்கும். மறுநாள் கழிவறையில் வாடை அடிக்கும், அது அதன் இயல்பு.

ஒன்றை மட்டும் மறக்காதே. உன் மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது. நட்சத்திரப்பழம் ஒரு துண்டு கூட அவருக்குக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கலில் தொடங்கி, மனக்குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மீன் குழம்பில் புளிப்புக்குப் போடுகிறார்களே பெலிம்பிங் பூலு என்கிற சின்னப் புளிப்புக் காய், அதுவும் அவருக்கு வேண்டாம். விருந்துக்குப் போகிற இடத்தில் பழச்சாறு என்று எதையாவது நீட்டினால், என்ன பழம் என்று நீயே கேட்டுவிடு. அவர் கூச்சப்பட்டு வாங்கிக் குடித்துவிடுவார்.

உங்கள் பேட்டையில் சந்தை இல்லை, எல்லாம் கைப்பேசியிலேயே வாங்கிவிடுகிறோம் என்கிறாய். சரி, வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அது போதும். பழக்கமில்லாத காயை வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள எதிரே ஓர் ஆள் வேண்டும். சனிக்கிழமை காலை நேரத்தோடு கெயிலாங் சிராய்க்கு வந்துவிடு, மாப்பிள்ளையையும் கூட்டி வா. கெலுவாக்கை நான் கையில் கனம் பார்த்து எடுத்துத் தருகிறேன். ஊறுகிற நாட்களைக் கணக்குப் பண்ணி அதற்கடுத்த வாரம் சமையலை வைத்துக்கொள்ளலாம். அம்மி என்னிடம் இருக்கிறது, நீ வாங்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா