அந்தப் பதினைந்து நிமிடப் பதிலை நிறுத்துங்கள்: அஃபிலியேட் திட்டம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இணையக் கடைகளின் அஃபிலியேட் திட்டங்களுக்குப் பொறுப்பான மேலாளர்களே, வணக்கம்.

உங்களைப் போன்ற ஒருவரிடம் சம்பளம் வாங்குபவன் நான். கடைப் பொருளைத் தங்கள் வீடியோவிலும் எழுத்திலும் பரிந்துரைத்து, விற்றால் கமிஷன் பெறுகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. அலுவலகத்தில் அவர்களைப் பார்ட்னர்கள் என்கிறோம். பங்காளிகள் என்று தமிழிலேயே சொல்லலாம்தான். ஆனால் நம் ஊரில் பங்காளி என்றதும் வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வரும். கமிஷன் பட்டுவாடா நடக்கும் வாரத்தில் என் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதுவே பொருத்தமான சொல் என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

எங்களுக்கு மறுபடியும் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. எந்தக் கேள்விக்கும் 15 நிமிடத்துக்குள் முதல் பதில் போக வேண்டுமாம். 15 நிமிடத்தில் என்ன பதில் போகும்? “உங்கள் கோரிக்கை கிடைத்தது, பார்த்துச் சொல்கிறோம்.” உங்கள் அறிக்கையில் அதற்குப் பச்சை நிறம் விழுகிறது. கேட்டவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் அவர் மறுபடி எழுதுகிறார், அதற்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் வருகிறார். ஒரு கேள்வி மூன்றாகப் பெருகிய பிறகு, ஆள் போதவில்லை என்று நாம் கூட்டம் போடுகிறோம்.

ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஈரோட்டுப் பக்கத்தில் சமையல் பாத்திரங்களைப் பற்றி வீடியோ போடும் ஓர் அம்மா இருக்கிறார். இரும்பு தோசைக்கல்லை எப்படிப் பழக்குவது என்று அவர் சொல்வதைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் உண்டு. “என் லிங்கை அழுத்தித்தான் என் தோழி வாங்கினாள், கணக்கில் வரவில்லை” என்று எழுதினார். ஆர்டர் எண்ணும் அனுப்பியிருந்தார். கல்லின் விலை 1,200 ரூபாய், 6 சதவீதக் கமிஷன் 72 ரூபாய். நான் வழக்கம்போல ‘பார்த்துச் சொல்கிறோம்’ அனுப்பினேன். மூன்று நாள், நான்கு கடிதங்கள். கடைசியில் ஒரு நாள் காலை, போனை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. தோழி வைத்திருப்பது ஐபோன். லிங்கை அழுத்தியதற்கும் வாங்கியதற்கும் இடையில் ஒன்பது நாள். யார் லிங்கிலிருந்து ஆள் வந்தார் என்று அவர் உலாவியில் நாம் பதிந்து வைக்கும் சிறு குறிப்புதான் குக்கி. அது 30 நாள் உயிரோடு இருக்கும் என்று விதிமுறையில் எழுதியிருக்கிறோம். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட், அதாவது உலாவிக்குள் ஓடும் நிரல், வழியாக வைக்கப்படும் குக்கியை, ஆள் அந்தத் தளத்துக்குத் திரும்ப வராவிட்டால், ஆப்பிளின் சஃபாரி உலாவி 2019 முதலே ஏழு நாளில் அழித்துவிடுகிறது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நம் விதிமுறைதான் உண்மை சொல்லவில்லை.

இதைத் தீர்க்க எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. அந்த நாற்பது நிமிடம் ஒரே துண்டாகக் கிடைத்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். தீர்வும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது: குக்கியை நம் சர்வரே வைக்கட்டும், இல்லையென்றால் பார்ட்னர் ஒவ்வொருவருக்கும் தனிக் கூப்பன் எண் கொடுப்போம். கூப்பன் எண்ணைப் போட்டு வாங்கினால் குக்கி இருந்தால் என்ன, போனால் என்ன? தொழில்நுட்பக் குழுவிடம் இதைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று இங்கே எழுதினால் அது வேறு மடலாகிவிடும்.

அமேசானின் திட்டத்தைப் பாருங்கள். 1996இல் தொடங்கியது. லிங்கை அழுத்திய 24 மணி நேரத்துக்குள் பொருள் கூடைக்குப் போக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். குறைவு என்று திட்டாதவர் இல்லை. ஆனால் அந்த விஷயத்தில் குழம்பிப் போய் எழுதுகிறவர் குறைவு.

எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதிக்கும் மேல், பார்ட்னர் தன் கணக்கைப் பார்க்கும் டாஷ்போர்டில் கமிஷனுக்குப் பக்கத்தில் ‘பெண்டிங்’ என்று தெரியும் ஒற்றைச் சொல்லிலிருந்து பிறப்பவை. அக்டோபர் 5ஆம் தேதி விற்ற மிக்ஸிக்கு, திருப்பி அனுப்பும் கெடு 30 நாள். அது நவம்பர் 4 அன்று முடிகிறது. நவம்பர் கணக்கு மாதக் கடைசியில் மூடப்படுகிறது. பணம் டிசம்பர் 15. ஆக 71 நாள். தீபாவளிக்கு விற்றுவிட்டுப் பொங்கலுக்கு முந்தைய மாதம் வரை காத்திருக்கிறவர் கேட்கத்தான் கேட்பார். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘டிசம்பர் 15 அன்று வரும்’ என்று தேதியைப் போட்டால் போதாதா?

வரி விஷயமும் அப்படித்தான். கமிஷனைக் கொடுக்கும்போதே நாம் பிடித்துக்கொள்ளும் வரியான டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது, பான் எண் தராதவர்களுக்கு 20 சதவீதம். மாற்றம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தும், நாம் பார்ட்னர்களுக்கு ஒரு வரி அனுப்பவில்லை. தொகை ஏன் மாறியது என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள், ஒவ்வொருவராகப் பதில் எழுதினேன். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரி பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்பார்கள் என்பதும் பஞ்சாங்கம் பார்க்காமலே தெரிந்த விஷயம்.

என் பக்கமும் தப்பு இருக்கிறது. சொந்த வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தவன் நானேதான். அதன் பலன், ஒன்றும் விற்காமல் தினமும் பத்துச் செய்தி அனுப்பும் நான்கு பேருக்கு என் காலைப்பொழுது போகிறது. போன வாரம்தான் முதல் விற்பனையைப் பார்த்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், தொந்தரவு தரக் கூடாதென்று சும்மா இருக்கிற புதியவரை நான் கூப்பிடுவதே இல்லை. அவரிடம் அரை மணி நேரம் பேசினால் அடுத்த மாதம் விற்பார். சத்தம் போடுகிறவருக்கே நேரம் கொடுக்கும்படி உங்கள் 15 நிமிட விதி என்னைப் பழக்கிவிட்டது.

எனவே நீங்கள் அளக்க விரும்பினால், ஒரே கேள்வி எத்தனை முறை திரும்பி வருகிறது என்பதை அளந்து பாருங்கள். பதில் ஒரு வேலைநாளுக்குள் வரும், ஆனால் முழுமையாக வரும் என்று பார்ட்னர்களிடம் எழுத்தில் சொல்லுங்கள். பணம் உண்மையிலேயே தவறிப்போன கேள்விக்கு மட்டும் தனி வழி திறந்து வையுங்கள்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து காலை 9.30 முதல் 11.30 வரை என் வாட்ஸ்அப் அணைந்திருக்கும். அந்த நேரத்தில் கணக்குகளைத் தோண்டுவேன், புதியவர்களைக் கூப்பிடுவேன். “ஒரு நிமிடம் பேசலாமா?” என்று நீங்கள் அனுப்பினாலும் பதில் 11.30க்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
உங்கள் பார்ட்னர் உதவிப் பிரிவு ஊழியன்