அம்மு, ஜூலை வேண்டாம்டி, டிசம்பர்ல வா

அம்மு,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். ஜூலைல ஸ்கூல் லீவு, 30 அடி ஆர்வி, அதான் படுக்கை சமையல் எல்லாம் உள்ளயே இருக்கற வீட்டு வண்டி, ஒண்ணு வாடகைக்கு எடுத்து பசங்களுக்கு நீ வளந்த பாலைவனத்தக் காட்டணும், ஆனா எங்க பாத்தாலும் ஃபுல்லு ஃபுல்லுன்னே காட்டுதுமா, இனி எங்க போய் இடம் தேடுறதுனு கேட்டிருந்த. மாப்பிள்ளை ஆர்வியே வேணாம் டென்ட் போதும்ங்கறார்னும் சொன்ன. போன்ல சொன்னா சின்னவ நடுவுல வந்து போனப் பிடுங்கிருவா, பாதி விட்டுப் போயிரும், அதான் உக்காந்து எழுதுறேன், பொறுமையா படி.

மொதல்ல ஜூலைய விடு. நம்ம அரிசோனா டூசான்ல ஜூலைல எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாததா, 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல சர்வசாதாரணமா போகும், ஃபீனிக்ஸ் 110ஐத் தாண்டிரும், அங்க சில நாள் ராத்திரிலயே 90க்குக் கீழ எறங்காது. அந்த வெயில்ல ஆர்வி ஏசி ஓடணும்னா கரன்ட் ஹூக்கப் இருக்கற இடம் கட்டாயம் வேணும், இல்லாட்டி ஜெனரேட்டர் போட்டுக்கிட்டே இருக்கணும், அதையும் நிறைய கேம்ப்கிரவுண்டுல ராத்திரி ஆஃப் பண்ணச் சொல்லிருவாங்க. டென்ட்ட பத்தி பேசவே வேண்டாம். உலகத்துலயே அதிகமா பதிவான வெயில் 134 டிகிரி, 1913 ஜூலைல டெத் வேலில, அதே மாசத்துல தான் நீ பிள்ளைங்கள கூட்டிட்டு வரேங்கற.

லீவு ஜூலைல தான்னு மாத்தவே முடியாதுன்னா அப்ப கீழ தங்காத, மேல ஏறு. ஆயிரம் அடி ஏறினா மூணுலேர்ந்து அஞ்சு டிகிரி குறையும், நான் எப்பவும் இத வெச்சுத்தான் இடம் பாக்குறது. நம்ம டூசான் சுமார் 2,400 அடி, மவுன்ட் லெமன் ரோட்டுல போனா மொலினோ பேசின் 4,400 அடி வாக்குல வரும், இன்னும் மேல ரோஸ் கேன்யன் 7,000 அடி, பைன் மரமா நிக்கும், கீழ 105 இருக்கறப்ப அங்க 80 சொச்சம் தான். கிராண்ட் கேன்யன் சவுத் ரிம்மும் 7,000 அடி தான், அதனால தான் அங்க கோடைல கூட்டம் நெரியுது. டிசம்பர்ல இது அப்படியே தலைகீழ், ரிம்முல பனி கொட்டும், ஆர்வி தண்ணிக் குழாய் உறைஞ்சு போற அளவுக்குக் குளிரும், கீழ பாலைவனத்துல பகல்ல 65, ராத்திரி 40 வாக்குல, சில நாள் அதுக்கும் கீழ. கம்பளி போத்திக்கிட்டு டென்ட்ல தூங்க அதவிட நல்ல காலம் கிடையாது. மாசத்த முடிவு பண்ணு, அப்புறம் உயரம், அதுக்கப்புறம் தான் ஊரு. நீ போட்டோவப் பாத்து ஊர மொதல்ல பிடிச்சிட்டு அப்புறம் தேதியத் தேடிட்டு இருக்க, அதான் ஒண்ணும் அமையல.

அடுத்தது, நீ தேடுறது எல்லாமே நேஷனல் பார்க் தான், நாடே அதத்தான் தேடுது. சவாரோ நேஷனல் பார்க்குக்குள்ள வண்டிய நிறுத்தி தங்குற இடமே கிடையாதுடி, மலைக்குள்ள நடந்து போய் தங்குறவங்களுக்கு மட்டும் தான். ஆனா அதோட மேற்குப் பகுதிய ஒட்டியே நம்ம பீமா கவுன்ட்டியோட (மாவட்டம் மாதிரி) கில்பர்ட் ரே கேம்ப்கிரவுண்டு இருக்கு, சுத்தி அதே சவாரோ கள்ளிக் காடு, ஆர்விக்கு கரன்ட் உண்டு, டெசர்ட் மியூசியம் பக்கத்துலயே. வடக்க கேட்டலினா ஸ்டேட் பார்க், கரன்ட் தண்ணி ரெண்டும் இருக்கு, குளிக்க சுடுதண்ணி இருக்கு, பின்னால மலை சுவரு மாதிரி நிக்கும். ஃபீனிக்ஸ் பக்கம்னா அப்பாச்சி ஜங்ஷன்ல லாஸ்ட் டச்மேன் ஸ்டேட் பார்க், மேசால அசரி மவுன்டன், அது கவுன்ட்டி பார்க். ஸ்டேட்டும் கவுன்ட்டியும் தனித்தனி வெப்சைட், மத்திய அரசோட புக்கிங் சைட் ரெக்ரியேஷன் டாட் கவ்ல தேடுனா இதுல ஒண்ணு கூட வராது. நியூ மெக்சிகோலயும் அப்படித்தான், ஒயிட் சாண்ட்ஸ்னு வெள்ளை மணல் நேஷனல் பார்க், அதுக்குள்ள ஆர்வி தங்க இடம் இல்ல, அலமகோர்டோல இருக்கற ஆலிவர் லீ ஸ்டேட் பார்க்ல தங்கிட்டு காலைல மணலுக்குப் போகணும்.

காசே இல்லாம தங்குற இடமும் இருக்கு. பிஎல்எம் நிலம், மத்திய அரசோட பொது நிலம், அதுல ஏற்கனவே வண்டி நின்னு நின்னு தேஞ்ச இடமா பாத்து நிறுத்தி பொதுவா 14 நாள் வரைக்கும் தங்கலாம். டூசானுக்கு வடமேற்க அயர்ன்வுட் ஃபாரஸ்ட், 2000ல நேஷனல் மான்யுமென்ட் ஆக்குனாங்களே, அது அப்படிப்பட்ட இடம். தண்ணி கிடையாது, டாய்லெட் கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது, எல்லாம் நாம கொண்டு போய் நாமளே திருப்பி எடுத்துட்டு வரணும். குவார்ட்சைட் பக்கம் லா போசானு ஒண்ணு இருக்கு, குளிர் காலம் முழுக்க வடக்கத்தி ரிட்டையர்டு ஆளுங்க ஆர்விய போட்டுட்டு அங்கயே குடியிருப்பாங்க, செப்டம்பர் 15லேர்ந்து ஏப்ரல் 15 வரை ஒரே பர்மிட். பசங்களோட வர்றவங்களுக்கு அது சரிப்படாதுனு நெனைக்கிறேன், பரந்த வெளில வண்டி வண்டியா நிக்கும், அவ்ளோதான். ஒரு விஷயம் கவனமா கேளு, காலியா கிடக்கற நிலம் எல்லாம் பொது நிலம் கிடையாது. அரிசோனா ஸ்டேட் ட்ரஸ்ட் லேண்டுன்னா பர்மிட் வாங்கணும். தோஹோனோ ஓத்தம் மக்களோட நிலமும் நவஹோ மக்களோட நிலமும் அவங்க நாடு, ரோட்டோரம் ஆள் இல்லியேனு டென்ட் போடறது அடுத்தவங்க வீட்டு வாசல்ல அனுமதியில்லாம படுக்கறது தான். மேப்ப போன்ல டவுன்லோடு பண்ணி வெச்சுக்கோ, சிக்னல் பல இடத்துல இருக்காது.

ஆர்வி சங்கதிக்கு வர்றேன். 30 அடி வேண்டாம்டி. இங்க இருக்கற பழைய கேம்ப்கிரவுண்டெல்லாம் சின்ன வண்டிக்குனு போட்டது, கிராண்ட் கேன்யன் மேதர் கேம்ப்கிரவுண்டுல 30 அடி வரைக்கும் தான், சிரிகாவா மான்யுமென்ட்ல 29 அடிக்கு மேல விடவே மாட்டாங்க, வளைவு அவ்ளோ குறுகல். 25 அடிக்குள்ள எடுத்தா உனக்கு இடம் இன்னும் நிறைய கிடைக்கும். மாப்பிள்ளை சொல்ற டென்ட்டையும் கூட எடுத்துக்கோ, சின்னவளுக்கு வண்டி, பெரியவனுக்கும் அவன் அப்பாவுக்கும் டென்ட்னு வெச்சுக்கலாம், ஆர்வி சைட்டுல பக்கத்துல டென்ட் போட சில இடத்துல விடுவாங்க சில இடத்துல விடமாட்டாங்க, புக் பண்றதுக்கு முன்னாடி அந்த சைட்டோட விவரத்த முழுசா படிச்சுப் பாத்துரு. வண்டியோட வெயில் மறைப்ப ராத்திரி நீட்டி விட்டுட்டுத் தூங்காத, காத்து ஒரு வீசு வீசுனா முறிச்சுக்கிட்டுப் போயிரும்.

டென்ட்டோட வர்ற அலுமினிய முளை இங்க வேலைக்கு ஆகாது. மேல ஒரு விரக்கடை தூசி மண்ணு, அதுக்குக் கீழ சுண்ணாம்பு இறுகி வெள்ளையா காரை போட்ட தரை கணக்கா இருக்கும், கலீச்சினு சொல்வோமே, அடிச்சா முளை கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்கும். அப்பா ஹார்டுவேர் கடைலேர்ந்து நீள நீளமா தடிச்ச இரும்பு ஆணி வாங்கி வெச்சிருக்கார், சுத்தியலும் கராஜ்ல இருக்கு, அத எடுத்துட்டுப் போங்க. அதுவும் எறங்கலன்னா நாலு மூலைலயும் கயிறு கட்டி பெரிய கல்லுல சுத்தணும்.

டென்ட் போடுற எடத்தப் பாக்கறப்ப மணலா, சமதளமா, மெத்து மெத்துனு ஒரு இடம் உங்களக் கூப்புடும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் மேடா இருக்கும், செடி இருக்காது. அது வாஷ், வறண்டு கிடக்கற ஓடை. தண்ணி வந்து வந்து தான் அந்த மணல் அங்க கிடக்கு. தலைக்கு மேல மேகமே இருக்காது, பல மைல் தள்ளி மலைல பேஞ்ச மழை செவந்த சேறா மரத்தையும் கல்லையும் உருட்டிக்கிட்டு வரும். ரில்லிட்டோ ஆறு வருஷத்துல முக்காவாசி நாள் வறண்டு கிடந்து ஒரே சாயங்காலத்துல கரை புரண்டு ஓடுறத நீ பாலத்து மேல நின்னு பாத்தவ தான், 2006 ஜூலை கடைசில சபினோ கேன்யன்ல மலைச் சரிவே பெயர்ந்து வந்து ரோட்ட அடிச்சுட்டுப் போச்சே அதுவும் ஞாபகம் இருக்கும், ஆனா மாப்பிள்ளைக்கு இது தெரியாது, அவர் மெத்துனு மணலப் பாத்தா அங்கதான் விரிப்பார். நீ சொல்லணும். மழைக்காலம் ஜூன் பாதிலேர்ந்து செப்டம்பர் கடைசி வரைக்கும், டிசம்பர்லயும் மழை வரும், எந்த மாசமா இருந்தாலும் வாஷ்ல படுக்கக் கூடாது.

பசங்களுக்குனு ஒரு பெரிய பல்லு சீப்பு பைல போடு. சோய்யா கள்ளி பாக்க பஞ்சு பொம்மை மாதிரி அழகா இருக்கும், சின்னவ கண்டிப்பா தொடுவா. உருண்டையா ஒரு துண்டு கைல ஏறிக்கும், கையால பிடுங்கப் போனா அந்தக் கையிலயும் ஏறும், முள்ளு நுனில கண்ணுக்குத் தெரியாத கொக்கி இருக்கு. சீப்ப முள்ளுக்கும் தோலுக்கும் நடுவுல நுழைச்சு ஒரே சுண்டு, தெறிச்சுப் போய் விழும், ஆள் இல்லாத பக்கமா பாத்து சுண்டு. மிச்சம் நிக்கிற முள்ளுக்கு ட்வீஸர். அப்புறம் காலைல ஷூவ தட்டிட்டுத் தான் போடணும், தேளு இங்க யு.வி. டார்ச் அடிச்சா பச்சையா மின்னும், பெரியவனுக்கு அந்த டார்ச்ச வாங்கிக் குடு, ராத்திரி டென்ட்ட சுத்திப் பாக்குற பொறுப்ப அவன்ட்ட விடு, அவனுக்குப் பெருமையா இருக்கும். தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், குளிர் காலம்னு குறைக்காத.

இப்ப நான் மனசுல வெச்சிருக்கறத சொல்றேன். ரெண்டு ராத்திரி கில்பர்ட் ரே, வண்டி பழகட்டும், ஏதாவது விட்டுப் போச்சுன்னா நம்ம வீடு பக்கம். அப்புறம் ஆர்கன் பைப் கேக்டஸ் மான்யுமென்ட், ட்வின் பீக்ஸ் கேம்ப்கிரவுண்டு. 208 இடம் இருக்கு, டென்ட்டுக்குத் தனிப் பகுதி, அங்க ஜெனரேட்டர் சத்தம் தொல்ல இல்ல, கரன்ட் கிடையாது, தண்ணி உண்டு, குளிக்க வெயில்ல சூடான தண்ணி. பார்டர் ரொம்பப் பக்கம், திரும்பி வர்ற வழில செக்பாயின்ட் இருக்கும், மாப்பிள்ளைய கிரீன் கார்டு கைல வெச்சிருக்கச் சொல்லு. மளிகை, பெட்ரோல் எல்லாம் வழில ஆஹோ ஊர்லயே முடிச்சுரணும். விறகு பொறுக்கக் கூடாது, கேஸ் அடுப்பு நான் தர்றேன், இட்லி மாவும் இங்கயே புளிக்க வெச்சு எடுத்துக்கலாம், அந்த ராத்திரிக் குளிர்ல அங்க பொங்காது.

எதுக்கு அவ்ளோ தூரம்னு கேப்ப. அங்க ராத்திரி வானம் அப்படிடி. டிசம்பர் கடைசில நடுராத்திரி வாக்குல தெக்கு அடிவானத்த ஒட்டி, மெக்சிகோ மலை மேல, ஒத்தையா ஒரு பெரிய நட்சத்திரம் எட்டிப் பாக்கும், அது அகத்தியர். நம்மூர்ல அது நல்லா ஒசரத்துல நிக்கும், உங்க தாத்தா மொட்டை மாடில படுக்க வெச்சு எனக்குக் காட்டுனது, இங்க வெறும் அஞ்சு டிகிரி தான் ஏறும், கொஞ்ச நேரத்துல இறங்கிரும், நீ இருக்கற சியாட்டில்ல சுத்தமா தெரியவே தெரியாது. பக்கத்துல கைய விரிச்சு சவாரோ நிக்கும், அதுக்கு மொதக் கை முளைக்கவே 50லேர்ந்து 75 வருஷம் ஆகும். பிள்ளைங்க ரெண்டு பேரும் அத ஒரு தடவ தரைல படுத்து பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. வண்டிக்குள்ள ஏசி போட்டு டேப்லெட் பாத்துட்டு திரும்பிப் போனா அவங்க பாலைவனத்துக்கு வந்ததாவே ஆகாது.

காசு விஷயம், பெரியவன் டிசம்பர்ல நாலாங்கிளாஸ்ல தான இருப்பான், நாலாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு நேஷனல் பார்க் நுழைவு பாஸ் இலவசம், வெப்சைட்ல அவன் பேர்ல எடுத்து பிரிண்ட் போட்டுக்கோ, குடும்பம் மொத்தமும் அதுலயே உள்ள போகலாம். தங்குற காசு அதுல வராது, அதுக்கு என்னோட சீனியர் பாஸ் இருக்கு, ட்வின் பீக்ஸ்ல நான் தங்குற சைட்டுக்கு பாதி விலை. ஆனா பாஸ் வெச்சிருக்கறவங்க அங்க தங்கணும்னு ரூல், அதனால நானும் வர்றேன், எனக்கு டென்ட் பகுதில இடம் போடு, முதுகு வலிக்கும்னு அப்பா சொல்றத கேக்காத.

ட்வின் பீக்ஸ் ஆறு மாசம் முன்னாடி ஓப்பன் ஆகும், கிறிஸ்துமஸ் வாரம்னா ஜூன் கடைசில, டூசான் டைம் காலைல 7 மணிக்கு முன்னாடியே லாகின் பண்ணி ரெடியா உக்காந்திருக்கணும், கார்டு நம்பர் எல்லாம் முன்னாடியே போட்டு வெச்சுரு. கிடைக்கலன்னாலும் நோட்டிஃபிகேஷன் போட்டு வை, தேதி நெருங்க நெருங்க நிறைய பேர் கேன்சல் பண்ணுவாங்க, வெள்ளி சனிய விட்டுட்டு திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் பாரு. நீ எனக்கு மூணே மூணு சொல்லு, என்னிக்கு வர்றீங்க என்னிக்குப் போறீங்க, வண்டி எத்தன அடி, டென்ட் எத்தன பேருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிட்டன்னா கில்பர்ட் ரேய நானே கவுன்ட்டி வெப்சைட்ல பாத்து போட்டுருவேன்.

சின்னவளுக்கு இருமல் விட்டுச்சா? அதையும் சொல்லு.

அம்மா