பத்துக் குப்பி கேட்டால் பத்தும் கிடைக்கிறது

கால்நடை மருந்து விற்பனையைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் மாட்டுக்கு மடிவீக்கம். டாக்டர் மறுநாள்தான் வருவார் என்றார்கள். மருந்துக்கடையில் "மாட்டுக்கு வலி ஊசி" என்றேன். கடைக்காரர் டிக்ளோஃபெனாக் 3 மில்லி குப்பி பத்தை எண்ணி, செய்தித்தாளில் சுருட்டி நீட்டினார். சீட்டு கேட்கவில்லை. நான் வாங்கவில்லை, பின்னால் நின்றவர் வாங்கிப் போனார்.

செத்த மாட்டைத் தின்னும் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, செத்துப்போகிறது என்பதால் மாட்டுக்கு இந்த மருந்து கூடாது என்று 2006-லேயே தடை வந்துவிட்டது. மனிதருக்கான பெரிய குப்பி தொழுவத்துக்குப் போகிறது என்றுதான் 2015-ல் அதை 3 மில்லியாகச் சுருக்கினீர்கள். பத்து வாங்கினால் முப்பது மில்லி என்ற கணக்கு எங்கள் கடைக்காரருக்குத் தெரிகிறது. தயவுசெய்து கடைகளைச் சோதியுங்கள்.

எலி, முயல் எல்லாம் மழை பொய்த்தால் குறையும், அடுத்த மழையில் மறுபடி பெருகும். பாறு அப்படியில்லை. முட்டையிடவே ஐந்து வயதாகும்; ஆண்டுக்கு ஒரே முட்டை. எங்கள் மோயாற்றோரம் ஒரு நீர்மருத மரத்தில் கூடு இருக்கிறது. மாதக்கணக்கில் தாயும் தகப்பனும் மாறி மாறி இரை கொண்டுவந்தும் குஞ்சு இன்னும் கிளையைவிட்டு எழும்பவில்லை. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைத் தின்றால் அந்தத் தாய்க்குச் சிறுநீரகம் போய்விடும். ஒரே சடலத்தில் கூட்டமாக உட்காரும் பறவை என்பதால், நூறு செத்த மாட்டில் ஒன்றில் மருந்து இருந்தாலே இனம் சரியப் போதும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் நாட்டில் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்குச் சோறு தின்ன வந்த பாறு ஜோடி நின்றுபோனபோது கலி முற்றிவிட்டது என்றோம். மோயாற்றிலும் நின்றுபோனால் யார்மேல் பழி போடுவது? செப்டம்பர் முதல் சனிக்கிழமை பாறு தினம் வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அட்டை இறக்கை மாட்டிப் படம் எடுப்பீர்கள். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்பது இவ்வளவுதான்: கடைகளைச் சோதியுங்கள். பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்து ஞாயிற்றுக்கிழமையும் கால்நடை மருந்தகத்தில் கிடைக்கச் செய்யுங்கள். சோதனைக்கு வரும்போது ஜீப்பும் அடையாள அட்டையும் வேண்டாம் ஐயா. லுங்கியோடு வந்து, "மாட்டுக்கு வலி ஊசி" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
மோயாற்றங்கரை மாட்டுக்காரன்