ஒலிபெருக்கி எழுதும் கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே அனைவரும் சுகம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். உன் பேத்தியின் ஞானஸ்நானப் படம் வந்து சேர்ந்தது. மூக்கு முழுக்க முழுக்க உன்னுடையது. அதற்காக அவளிடம் நீ ஒருநாள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த ஏழு மாதங்களில் நீ நான்கு முறை தொலைபேசியில் அழைத்தாய். நான்கு முறையும் என் மனைவி ஏதோ ஒரு காரணம் சொன்னாள். அவள் சொன்ன காரணங்கள் அனைத்தும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சைகையால் சொல்லிக்கொடுத்தவை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அவள்மேல் வருத்தம் வேண்டாம். உண்மை இதுதான்: எனக்குக் குரல் போய்விட்டது. தைராய்டு சுரப்பியில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். அது புற்றுநோய் இல்லை என்று தெரிந்து வீட்டில் எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருந்த அதே நாளில், நான் வாயைத் திறந்தபோது வெறும் காற்று மட்டும் வந்தது. குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று அறுவையின்போது நைந்திருப்பதால் இடப்பக்கத்துக் குரல்நாண் அசையாமல் நிற்கிறதாம். யாருடைய தவறும் இல்லை. இப்படி நேரக்கூடும் என்று முன்னதாகவே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், நான்தான் படிக்காமல் போட்டேன். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடும் என்றும், அதுவரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமான சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். கிசுகிசுக்கவும் கூடாதாம்; அது தொண்டையை இன்னும் வருத்துமாம். தண்ணீர் குடிக்கும்போது மோவாயைத் தாழ்த்திக்கொண்டு குடிக்கிறேன், இல்லாவிட்டால் புரையேறுகிறது.

நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள். நீ எனக்குச் சூட்டிய 'ஒலிபெருக்கி' என்ற பட்டப்பெயரை நினைத்து நானும் மருத்துவமனைக் கட்டிலில் சிரித்தேன். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அந்த நரம்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இடப்பக்கத்து நரம்பு மூளையிலிருந்து நேராகத் தொண்டைக்குப் போவதில்லை. கழுத்தைக் கடந்து மார்புக்குள் இறங்கி, இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவை அடியில் சுற்றிக்கொண்டு, மறுபடியும் மேலேறிக் குரல்வளையை அடைகிறது. இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும் என்று ஆண்டவர் சொன்னதற்கு இதைவிட நல்ல உவமை கிடைக்குமா? பழைய நாளாக இருந்தால் இதை வைத்தே முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். நீ பின்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்திருப்பாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் மாதத்தில் எனக்கு வந்த துன்பம் நீ நினைக்கக்கூடியது அன்று. பேச முடியாத எரிச்சலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஜெபிக்க முடியாமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் வாய்விட்டே ஜெபித்து வந்திருக்கிறேன், தனி அறையிலும்கூட. என் குரல் ஏறும்போது என் உள்ளமும் ஏறும். அது தழுதழுக்கும்போது தேவன் அருகில் வந்துவிட்டார் என்று அறிந்துகொள்வேன். குரல் நின்றதும் அந்த அறையில் ஒன்றுமே இல்லை. நாற்காலி இருந்தது, ஜன்னல் இருந்தது, நான் இருந்தேன். அப்போது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதைப் போதகரிடம் எழுதிக் காட்டக்கூட எனக்குத் துணிவு வரவில்லை, உன்னிடம் கேட்கிறேன். இத்தனை ஆண்டுகளாகத் தேவ பிரசன்னம் என்று நான் உணர்ந்ததும், பிறரும் உணரும்படி செய்ததாக எண்ணிக்கொண்டதும், என் சொந்தக் குரல் எனக்கே ஊட்டிய கிளர்ச்சிதானா?

இந்தக் கேள்வி என்னை வாரக்கணக்கில் தூங்கவிடவில்லை. வேதத்தைத் திறந்தால் பேசாதவர்களே கண்ணில் பட்டார்கள். ஆலயத்தில் உதடுகள் மாத்திரம் அசைய ஜெபித்த அன்னாளை, அவள் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனான ஏலி நினைத்துவிட்டான் அல்லவா? நான் பத்து முறையாவது அந்தப் பகுதியைப் பற்றிப் பேசியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அன்னாளின் பக்கம் நின்றே பேசியிருக்கிறேன். என்னைப் போன்றவன் அந்தக் கதையில் ஏலியாகத்தான் இருப்பான் என்பது இப்போதுதான் உறைத்தது: ஜெபம் காதில் விழாவிட்டால் அது ஜெபமே அன்று என்று நினைக்கிறவன். சகரியாவின் கதையும் அப்படியே. தூதனின் வார்த்தையை நம்பாமல் ஊமையாகிப்போன அந்த ஆசாரியன், குழந்தை பிறந்து பெயரிடும் நாள் வரைக்கும் வாய்திறக்க முடியாமல், எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி எழுதிக் காட்டினான். என் பேரன் தன்னுடைய பலகையை எனக்குக் கொடுத்திருக்கிறான். அதன் மூலையில் ஒரு யானை வரைந்திருக்கிறது, அதை அழிக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆகையால் என் ஆவிக்குரிய ஆலோசனைகள் அனைத்தும் தற்போது ஒரு யானையின் மேற்பார்வையில் வெளிவருகின்றன.

கார்மேல் மடத்துச் சகோதரர் லாரன்ஸை நினைவிருக்கிறதா? 1640இல் பாரிஸ் மடத்தில் சேர்ந்து, பல ஆண்டுகள் சமையலறையிலும் பின்னர் செருப்புத் தைக்கும் வேலையிலும் இருந்துகொண்டே, பாத்திரச் சத்தத்தின் நடுவிலும் தேவனோடு இருந்தவர். அவரைப் பற்றி நான் மூன்று சபைகளில் மிக உருக்கமாகப் பேசியிருக்கிறேன். அந்த மூன்று நாளும் வீட்டுக்கு வந்து நான் ஒரு தட்டைக்கூடக் கழுவியதில்லை என்பதை என் மனைவி சென்ற மாதம் நினைவூட்டினாள். பதில் சொல்ல வாய் இல்லாதபடியால் எழுந்து போய்க் கழுவினேன். பிரசன்னம் ஒன்றையும் உணரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கை உணர்ந்தேன். ஆனாலும் தினமும் கழுவிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு எந்தப் பேச்சையும் தயாரிக்கத் தோன்றுவதில்லை என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது.

இந்த நிலையில்தான் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. நம் ஞாயிறு பள்ளி அக்காவேதான், உன்னை மூலையில் நிற்கவைத்துவிட்டு மறந்துபோனவர். அவருடைய கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது, உனக்குத் தெரிந்திருக்கும். அடக்க ஆராதனைக்கு நான் போனேன், கையைப் பிடித்துவிட்டு வந்துவிட்டேன். குரல் இல்லாமல் ஆறுதல் சொல்லப் போவது, தூரிகை இல்லாமல் சுவருக்கு வண்ணம் அடிக்கப் போவதைப் போன்றது என்று எண்ணி, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அவரோ, "அவன்தான் வரவேண்டும், அவனால்தான் பேச முடியாதாமே" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இதைக் கேட்டுக் கோபம் வந்தது எனக்கு. போனேன். அதுவரைக்கும் வந்த ஒவ்வொருவரும் ரோமர் எட்டாம் அதிகாரத்தின் அதே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்: சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று. "அந்த வசனம் எனக்கும் தெரியும் தம்பி, உங்களுக்கெல்லாம் மனப்பாடம் செய்வித்தவளே நான்தான்" என்றார். அதே அதிகாரத்தில் இரண்டே வசனம் முன்னால், நாம் வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று அறியாமல் இருக்கும்போது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று எழுதியிருக்கிறதே, அதை ஒருவரும் சொல்லவில்லையாம். அதைச் சொல்வதற்குப் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும், அதனால்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு அவர் பேசினார். ஒன்றரை மணி நேரம். கணவரின் விசுவாசத்தைப் பற்றி அன்று; அவர் இரவில் விளக்கை அணைக்காமல் தூங்கிவிடுவதையும், அதற்காக நாற்பது ஆண்டுகளாக நடந்த சண்டையையும், இப்போது அந்த விளக்கைத் தாமே அணைக்க மனம் வராமல் எரியவிட்டுப் படுப்பதையும் பற்றி. நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல இயலாது. ஆனால் இதைக் கவனி: யாராவது தம் துயரத்தைச் சொல்லும்போது, முடிவில் நான் ஏறெடுக்கப்போகும் ஜெபத்தின் வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே கேட்பது என் வழக்கம். எத்தனை ஆண்டு வழக்கம் என்பது எனக்கே தெரியாது. அன்று அடுக்குவதற்கு ஒன்றும் இல்லாதபடியால், ஒரு மனுஷி சொல்வதை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டேன். முடிவில் அக்காதான் ஜெபம் செய்தார், எனக்காக. நான்கே வரி. வாசற்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, பெத்தேலில் கல்லைத் தலையணையாக வைத்துப் படுத்த யாக்கோபு விழித்தெழுந்து சொன்ன சொல் நினைவுக்கு வந்தது: "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்." உள்ளே இருந்தபோது எனக்கு உருக்கமோ கண்ணீரோ இல்லை. யாக்கோபும் தூக்கம் கலைந்த பிறகுதான் சொன்னான்.

என் கேள்விக்கு இது முழு விடையா என்று தெரியவில்லை. குரலோடு உணர்ந்தவை எல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. அவற்றில் அவர் இருந்திருக்கலாம், என் கூச்சலையும் பொறுத்துக்கொண்டு. தீர்க்கதரிசி எலியாவுக்குக் காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோன பிறகு அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று என்று படிக்கிறோம். எபிரெயத்தில் அங்கே உள்ள 'தெமாமா' என்ற சொல்லுக்கு அசைவற்ற மௌனம் என்றும் பொருள் உண்டாம். அதற்கும் முன்னால், சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்தவனிடம் தூதன் பிரசங்கம் ஏதும் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். என் அனுபவத்தில் அந்தத் தூதனுடைய வேலையை இப்போது என் மனைவி செய்துகொண்டிருக்கிறாள், தூதனைவிடச் சற்று அதட்டலாக.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். இத்தனை பக்கம் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், அந்த நரம்பைப் போலவே. அக்காவின் வீட்டிலிருந்து நடந்து வரும்போது உன் தாயார் காலமான இரவு என் நினைவுக்கு வந்தது. நான் வந்தேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் எழுந்து நின்று ஜெபித்தேன். நாற்பது நிமிடம் என்று பிறகு யாரோ சொன்னார்கள். கண்ணைத் திறந்தபோது நீ அங்கே இல்லை. பின்கட்டில் இருட்டில் நின்றுகொண்டிருந்தாய். நடுவில் உன் வீட்டுத் தாத்தா மூன்று முறை ஆமென் சொன்னார். என் ஜெபம் அவரை அத்தனை அசைத்துவிட்டது என்று எண்ணி நான் இன்னும் நீட்டினேன். அவர் எதற்காகச் சொன்னார் என்பது இத்தனை ஆண்டுகள் கழித்து, நடுத்தெருவில், குரலற்றுப்போன பின்பு எனக்குப் புரிந்தது. யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் கெட்டார்கள். உன் நண்பன் ஏழு நிமிடம்கூட உட்காரவில்லை. என்னை மன்னித்துவிடு. நீ இதைப் பற்றி ஒரு முறையும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததற்காகவும் உன்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். நீ ஒரு முறை திட்டியிருந்தால் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

மற்ற செய்திகள்: போதகர் மாற்றலாகிப் போகிறார். சபையில் நாற்காலி விஷயமாக நடக்கும் சண்டை இன்னும் தீரவில்லை, இரு தரப்பாரும் எனக்குக் குரல் வருவதற்காக ஊக்கமாய் ஜெபிக்கிறார்கள். எந்தப் பக்கம் பேசுவேன் என்பது அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சென்ற வாரம் இருமும்போது தொண்டையில் ஏதோ ஒரு கரகரப்பு, குரலின் வால் போல, கேட்டதாக மனைவி சொல்கிறாள். அடுத்த மாதம் கருவியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். திரும்பி வந்தால் வரட்டும். சகரியாவின் நாவு கட்டவிழ்ந்ததும் அவன் தேவனை ஸ்தோத்திரித்துப் பேசினான். என் முதல் சொல் என்னவாக இருக்கும் என்று யோசித்தால் எனக்குச் சற்றுப் பயமாகவே இருக்கிறது.

நீ பள்ளி விடுமுறையில் பேத்தியோடு வருவதாகச் சொன்னாயாமே, கட்டாயம் வா. தொலைபேசியில் அழைத்தால் இந்த முறை நானே எடுக்கிறேன். நீ பேசு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன், மறுமுனையில் ஆள் இருக்கிறான் என்பதற்கு இரண்டு முறை தட்டுகிறேன். சாப்பாட்டு மேசையில் நீதான் ஜெபிக்க வேண்டும். சுருக்கமாக.

என்றும் அன்புடன்,
உன் ஒலிபெருக்கி